மூன்று ஏற்றம், மூன்று இறக்கம்

பெப்ரவரி 17, திங்கள்

பெரிய பயணம் போனவர்கள் எல்லோரும் குறிப்பு எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கடலைக் கடந்தவன், பனியைக் கடந்தவன், பாலைவனத்தில் சொந்த ஒட்டகத்தையே தின்றுவிட்டு நடந்து வந்தவன், எல்லோரும். ஆகையால் கனகசபாபதி ஆகிய நானும் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

நோர்வேயின் வட உச்சியில், இதற்கு மேல் ஓரடி வைத்தால் உலகத்தின் மறுபக்கம் வழுக்கி விழவேண்டியதுதான் என்ற இடத்தில், ஹமர்ஃபெஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் துணைச் சமையற்காரன். எனக்கு மேலே இங்கெர் என்ற தலைமைச் சமையற்காரி இருக்கிறாள். அவளுக்கு மேலே கடவுள் இருக்கலாம், அவள் ஒத்துக்கொள்வதில்லை.

இன்று வேலையில் நின்றபோது சாம்பவி தொலைபேசியில் வந்தாள். தங்கை தவமலரின் ஒரே மகள். தங்கை குடும்பம் கிழக்கே, போட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் இருக்கிறது. தாயும் தகப்பனும் மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் மீன் வெட்டி மகளை விமானியாக்கியவர்கள். அவர்கள் வெட்டிய மீனை வரிசையாக வைத்தால் நிலவுக்குப் போய்த் திரும்பி வரும்.

“மாமா, மார்ச் எட்டாம் திகதி, சனிக்கிழமை, என்ர முதல் பறப்பு. இனிப் பக்கத்தில வாத்தியார் இல்லை. கப்டனும் நானும் மட்டும்தான்.”

“எங்கயிருந்து எங்க, பிள்ளை?”

“உங்கட ஊரில இருந்து எங்கட ஊருக்கு. நீங்கள் கட்டாயம் ஏறவேணும். வழக்கம் தெரியுந்தானே.”

வழக்கம் தெரியும். எங்கள் குடும்பத்தில் எந்த வாகனம் வந்தாலும் முதலில் ஏறி உட்காருகிறவன் தாய்மாமன். அவன் ஏறாத வண்டி உருப்படாது. சாம்பவியின் மூன்று சில்லுச் சைக்கிளில் நான் ஏறினேன்; அது அன்றோடு இரண்டு சில்லுச் சைக்கிளானது. பனியில் தள்ளிக்கொண்டு போகும் சறுக்குவண்டியில் ஏறி, நிறுத்தத் தெரியாமல் தபாற்கந்தோர் வாசல்வரை போனேன். முத்திரை ஒட்டாத பொதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய டொயோட்டாவில் ஏறியபோது மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் அது ராசியில்லாத கார்.

“வாறன் பிள்ளை. நான் ஏறாமல் அது எப்படி எழும்பும்?” என்றேன்.

அதன் பிறகு சமையலறைக்குக் கீழே உள்ள உருளைக்கிழங்கு அறைக்குப் போய்ச் சற்று உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சி தாங்கமுடியவில்லை போலும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் பெரிய வரைபடம் தொங்குகிறது. அளவுகோல் அகப்படவில்லை. கேக் வெட்டும் கத்தியால் அளந்தேன். ஹமர்ஃபெஸ்டுக்கும் போட்ஸ்ஃபியோர்டுக்கும் நடுவே நேர்கோட்டில் ஒரு கத்தியும் கொஞ்சம் பிடியும். கணக்குப் பார்த்தால் இருநூற்றிருபது கிலோமீற்றர். இந்தத் தூரத்தை எந்த விமானமும் நாற்பது நிமிடத்தில் தாண்டிவிடும். ஒரு பானை உருளைக்கிழங்கு அவிகிற நேரம்.

தரைவழியாகப் போனால் இதே தூரம் இரண்டு மடங்குக்கு மேலே. கடல் இந்த மண்ணுக்குள் விரல் விரலாக நுழைந்திருப்பதால் ஒவ்வொரு விரலையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மலையில் பனி கொட்டினால் கார்களைத் தனியே விடமாட்டார்கள். பனி தள்ளும் வண்டி ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு தேர்போல முன்னே போகும். கார்களெல்லாம் வடம் பிடிக்காத குறையாகப் பின்னே போகும். தேரும் நிலைக்கு வர நேரமெடுக்கும்.

கப்பலும் உண்டு. காலையில் ஏறினால் ஊரெல்லாம் தொட்டு நள்ளிரவில் கொண்டுபோய் இறக்கும். இத்தனை வருடமும் தங்கை வீட்டுக்கு நான் கப்பலில்தான் போய்வந்தேன். இயற்கைக் காட்சிக்காக. குளிர்காலத்தில் இங்கே பகலே கிடையாது என்பதால் காட்சி ஒன்றும் தெரியாது. ஆனால் இருக்கிறது என்று தெரியும்.

விமானத்தைப் பற்றி எனக்குத் தொழில்நுட்ப ரீதியான ஆட்சேபம் மட்டுமே உண்டு. ஊரைவிட்டு வரும்போது பெரிய ஜெட்டில்தான் வந்தேன், குழந்தைபோலத் தூங்கிக்கொண்டு. ஆனால் இங்கே ஓடுகிறவை விசிறி வைத்த சின்ன விமானங்கள். விசிறி என்பது கூரையில் இருக்கவேண்டிய பொருள். அதை ஓர் இயந்திரத்தின் இரண்டு பக்கமும் கட்டி, அது சத்தம் போட்டுக்கொண்டு மனிதருடைய தலைக்கு மேலே திரிவது முறையல்ல.

பெப்ரவரி 20, வியாழன்

மத்தியானம் உருளைக்கிழங்குகளைப் பார்வையிட்டேன். எல்லாம் நலம்.

பெப்ரவரி 22, சனி

பயணச்சீட்டு வந்தது. அதில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது நிமிடத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலே. விமானக் கொம்பனிக்கு நான் கடுமையாகக் கடிதம் எழுதவிருந்த வேளையில் இங்கெர் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

“உன்னுடைய கணக்குச் சரிதான், சபா,” என்றாள். “நேரே போனால் நாற்பது நிமிடம். ஆனால் இது நேரே போகாது. பஸ் மாதிரி. மேஹாமில் இறங்கும், ஏறும். பெர்லவோகில் இறங்கும், ஏறும். பிறகுதான் போட்ஸ்ஃபியோர்ட்.”

“ஒவ்வோர் ஊரிலும் உண்மையாகவே நிலத்தில் இறங்குமா?”

“இல்லை, மேலேயிருந்து ஆட்களை உதறிவிடும்.”

மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். ஒரு மனிதன் மனதைத் திடப்படுத்தி ஒருமுறை மேலே போகலாம். அதே மனதை மூன்று துண்டாக வெட்டி மூன்றுமுறை திடப்படுத்த அது என்ன கோழியா?

“இன்னொன்று கேட்கவேண்டும்,” என்றாள் இங்கெர். “மத்தியான விமானம் கூரைக்கு மேலே வரும்போதெல்லாம் உனக்கு ஏன் உருளைக்கிழங்கு ஞாபகம் வருகிறது?”

“உருளைக்கிழங்கு தனியே இருந்தால் முளைத்துவிடும்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய சூப்பைப் பார்த்தாள். இந்த நாட்டு மக்களின் உயர்ந்த குணம், இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள்.

பெப்ரவரி 27, வியாழன்

ஒஸ்லோத் தமிழ்க் கடையிலிருந்து தேங்காயும் தேசிக்காயும் வந்து சேர்ந்தன. தேங்காய் விமானத்தில் வந்ததாம். என்னைவிடத் தைரியமான காய். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிடுகிறேன்.

மார்ச் 1, சனி

சாம்பவியோடு தொழில் ஆலோசனை.

“பிள்ளை, புது வண்டி எடுக்கேக்க சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறது. விமானத்துக்கு எத்தினை சில்லு?”

“மாமா, அது புதுசில்லை. அதுக்கு என்னைவிட வயசு கூட.”

“விமானி புதுசுதானே?”

“ஓடுபாதையில தேசிக்காய் கிடந்தால் விமான நிலையத்தைப் பூட்டிப்போடுவாங்கள். பொலிஸ் வரும்.”

“தேங்காய் உடைக்கலாமோ? மூக்கில மெல்லமா ஒரு தட்டு.”

“மாமா,” என்றாள். சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. “நீங்கள் வந்து ஏறினாலே காணும். வேற ஒண்டும் வேண்டாம். உங்களுக்கு முன்வரிசையில ஜன்னல் சீற் போட்டிருக்கிறன்.”

ஜன்னல். அதை நான் கேட்கவே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

தங்கை பேசினாள். என்னுடைய உடல்நலம், குளிர், இங்கெருடைய முழங்கால் என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். அவள் இவ்வளவு சுற்றி வளைத்தால் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஏறுவியளோ?”

“என்ன கேள்வி இது? நான் ஏறி இறங்கினால்தான் அந்த விமானத்துக்கே ஒரு மரியாதை.”

“அண்ணை.”

“ஓம்.”

“நீங்கள் இங்க வந்து நிக்கேக்கையும் பாத்தனான். விமானம் வாற நேரம் குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விடுவியள்.”

“நான் சுத்தமான ஆள்.”

“சகடைச் சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது உங்களுக்கு.”

சகடை என்பது ஊரில் நாங்கள் வைத்த பெயர். குண்டு போட வந்த விமானங்களில் அது கிழடு. இரண்டு விசிறி. கடகடவென்று மெதுவாக வரும். வந்து சேரும்வரை முழு ஊரும் அண்ணாந்து பார்க்காமல் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்கியிருக்கும்.

“அது அந்தக் காலம்,” என்றேன்.

“சாம்பவிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். பங்கருக்குள்ள என்ர ரெண்டு காதையும் பொத்திப்பிடிச்சுக்கொண்டு, மேல வாறது சகடை இல்லை, அசுரன் வளக்கிற தும்பி, எங்கட வாழைப்பூவில தேன் குடிக்க வந்திருக்கு எண்டு சொன்னியளே, அதை. நான் சிரிச்சனான் அண்ணை. ஒன்பது வயசு. விழுந்து விழுந்து சிரிச்சனான்.”

“அம்மாவைப் பற்றியும் சொன்னியோ?”

“ஓம்.”

அன்று அம்மா, அடுப்பை அணைச்சிட்டு வாறன், நீங்கள் இறங்குங்கோ என்றவள். இதற்குமேல் இங்கே எழுதுவதற்கில்லை. குளிரில் பேனா உறைந்துவிட்டது.

“சாம்பவி என்ன சொன்னவள்?” என்று கேட்டேன்.

“மாமா வராட்டில் பரவாயில்லை எண்டாள்.”

பரவாயில்லையாம். ஒரு தாய்மாமனை இதைவிடக் கேவலமாகத் திட்டமுடியாது. நான் போகிறேன். கால் வராவிட்டால் காலை விட்டுவிட்டு மீதி ஆளாவது போகும்.

மார்ச் 6, வியாழன்

புயல். ஃபின்மார்க் மாகாணம் முழுக்க விமானங்கள் இல்லை. மிகுந்த கவலையோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

புயல் ஓய்ந்துவிட்டது. வானம் வெட்கமில்லாமல் நீலமாகக் கிடக்கிறது. உயில் எழுதினேன். குக்கர் இங்கெருக்கு. அவளிடம் வாசித்துக் காட்டினேன். விசில் பழுது என்றால் வேண்டாம் என்றாள்.

மார்ச் 8, சனி. கப்பலில், மாலை

ஆம், கப்பலில்தான் எழுதுகிறேன். ஒழுங்காகச் சொல்கிறேன்.

காலையில் விமான நிலைய வாசலில், பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு, தேசிக்காயை வைத்து அதன்மேல் என்னுடைய சூட்கேஸை உருட்டினேன். சில்லுள்ள பொருள் எதுவாயிருந்தாலும் சாத்திரத்துக்குச் சம்மதமே. தேசிக்காய் நசுங்கவில்லை. உறைந்து கல்லாகியிருந்தது. சூட்கேஸின் சில்லுத்தான் கழன்றது.

உள்ளே, கைப்பையைச் சோதித்த பெடியன் திரையில் தேங்காயைக் கண்டதும் தன் மேலதிகாரியை அழைத்தான். மேலதிகாரி என்னை அழைத்தார். உருண்டை, கடினம், உள்ளே திரவம் என்று மூன்று குற்றச்சாட்டு. சமையற்பொருள் என்று விளக்கினேன். அப்படியானால் சூட்கேஸுக்குள் போகட்டும் என்றார்கள். அதனால் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். ஆனால் வழக்கப்படி முதலில் ஏறவேண்டியவன் நான். “குடும்ப விஷயம், குடும்ப விஷயம்” என்று சொல்லிக்கொண்டே முன்னுக்குப் போனேன். ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு கிழவி, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என் தோளைத் தடவி வழிவிட்டாள்.

படியில் வலது காலை வைத்து ஏறினேன். விமானி அறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, இறுக்கிக் கட்டிய தலைமயிர். சாம்பவி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்ததை நான் விபரிக்கப் போவதில்லை. மூன்று சில்லுச் சைக்கிள் உடைந்த அன்றும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

“வந்திட்டீங்கள்,” என்றாள்.

“பின்ன?” என்றேன்.

இதன் பிறகு விசிறிகள் சுற்றத் தொடங்கின.

என் பக்கத்தில் தண்ணீர் ஊறாத மீன்பிடிச் சட்டை போட்ட ஒரு மீனவர். அவரிடம் பேசத் தொடங்கினேன். நிறுத்தவில்லை. என் ஊரில் ஒரு பனைமரம் இருக்கிறது, அதில் ஏறியவன் இறங்கும்போது பேரன் கண்டிருப்பான் என்றேன். ஒருமுறை நான் பிடித்த சுறாவின் வயிற்றுக்குள் இன்னொரு மீனவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான் என்றேன். சத்தம் கூடக் கூட என் பொய்யும் கூடியது. கண்ணை மூடியிருந்ததால் அவருடைய முகம் தெரியவில்லை. மேஹாமில் சில்லு நிலத்தில் முட்டியபோதுதான் கண்ணைத் திறந்தேன். என்னுடைய இரண்டு கைகளும் அந்த மனிதரின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தன. எப்போது போயின என்று தெரியாது.

அவர் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்ததும், “நன்றி,” என்றார்.

எழுந்தேன். பணிப்பெண், “நீங்கள் இறங்க வேண்டிய ஊர் இது இல்லையே,” என்றாள். தெரியும் என்றேன். என் சூட்கேஸை இறக்கவேண்டும் என்றேன். அது எல்லோருடைய சூட்கேஸுக்கும் அடியில் கிடந்தது. முழுவதையும் பனியில் இறக்கி, என்னுடையதை எடுத்து, மீண்டும் முழுவதையும் ஏற்றினார்கள். மருமகளின் முதல் நாளிலேயே விமானத்தைத் தாமதமாக்கிய பெருமை என்னைச் சேரும். ஆனாலும் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி. ஏறியாயிற்று, பறந்தாயிற்று. ஓர் ஏற்றம் ஓர் இறக்கம், வழக்கத்துக்கு அது போதும்.

சாம்பவி மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு விமானத்தைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்தாள்.

“கால் மரத்துப்போச்சு, பிள்ளை,” என்றேன். “மிச்சத்தைக் கப்பலில வாறன். நீ நல்லா ஓட்டினனி. ஒரு குலுக்கம் இல்லை. பூவில வச்சமாதிரி இறக்கினாய்.”



“மாமா, அது நான் ஓட்டேல்ல.”

“என்ன?”

“துண்டு துண்டா மாறி மாறித்தான் ஓட்டுறது. முதல் துண்டு கப்டன். நான் றேடியோ. அடுத்த துண்டுதான் என்ர கை.”

உலகத்திலேயே தலைசிறந்த மடையர்களின் மாநாடு எங்காவது நடந்தால் தலைமைதாங்க என்னை அழைக்கலாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு நோர்வேக்காரக் கப்டனுக்குத் தாய்மாமனாகிவிட்டு வந்திருக்கிறேன்.

படியைப் பார்த்தேன். ஆறேழு படிதான் இருக்கும். காலிடம் சொன்னேன். கெஞ்சினேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

“பிள்ளை, நான்...” என்றேன். எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

“ஏறவேண்டாம் மாமா.” அவள் என் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். “எனக்கு வேற ஒண்டு செய்யுங்கோ. நான் கிளம்பேக்க உள்ள போயிடாதேங்கோ. இங்க, வெளியில நில்லுங்கோ. மறையுமட்டும் பாருங்கோ. ஏலுமோ?”

அதைவிடச் சுறாவின் வயிற்றுக்குள் போகச் சொல்லியிருக்கலாம்.

“ஏலும்,” என்றேன்.

நிலையக் கட்டடத்துக்கும் வேலிக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கவிட்டார்கள். கையெட்டும் தூரத்தில் கதவு. உள்ளே வெளிச்சம், கோப்பி, கூரை. விசிறிகள் சுற்றின. ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பியது. பிறகு சத்தம் வந்தது. முதலில் அது பாதம் வழியாகத்தான் வரும், காதுக்குப் பிறகுதான். இதை அறிந்தவர்கள் அறிவார்கள். என் முதுகு தானாகவே கதவுப் பக்கம் போயிற்று. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் யாரையும் அங்கே சிரிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. பொத்துவதற்குச் சின்னக் காது எதுவும் பக்கத்தில் இருக்கவில்லை. நான் மட்டும்தான். அறுபது வயதாகப் போகிற ஒரு கிழடு, வாயைத் திறந்துகொண்டு.

அது எழும்பி என் தலைக்கு மேலாலே போயிற்று. வயிற்றுப்பக்கம் வெள்ளை. அதில் கதவு திறக்கவில்லை, ஒன்றும் விழவில்லை. அதற்குள்ளே இருந்து கைப்பிடியைப் பிடித்திருக்கிறவள் எங்கள் தவமலரின் மகள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். தொப்பி பறந்துபோனது. நிலையத்துப் பெண்மணி, நான் ஏதோ ஆபத்துச் சைகை காட்டுகிறேன் என்று நினைத்து ஓடிவந்தாள். “மருமகள், மருமகள்” என்று தமிழிலேயே சொன்னேன். அவளும் அண்ணாந்து பார்த்தாள். கடலுக்கு மேலே அது ஒரு புள்ளியாகும்வரை, பிறகு அந்தப் புள்ளியும் இல்லை என்றாகும்வரை, நின்றோம். கழுத்து இப்போதும் வலிக்கிறது. அண்ணாந்து பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

தொலைபேசி அடித்தது. போட்ஸ்ஃபியோர்ட் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு காத்திருந்த தங்கை.

“அண்ணை, விமானம் பிந்துதாம். எங்க நிக்கிறியள்?”

“மேஹாமில இறங்கிட்டன். என்னை ஏசுறதெண்டால் பிறகு ஏசு. உன்ர மகள் இப்பதான் கிளம்பிப் போறாள். இந்த முறை அவள்தான் ஓட்டுறாள். என்ர தலைக்கு மேலால போனவள்.”

“நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

“வெளியில.”

 

“இப்பவும் வெளியிலயோ நிக்கிறியள்?”

“ஓம். வெளியிலதான் நிக்கிறன்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“தலைக்கு ஏதும் போட்டிருக்கிறியளோ?” என்று கேட்டாள். “குளிரப்போகுது, அண்ணை.”